விடுமுறை நாட்களில் பள்ளி நூலகத்தைப் பூட்டாதீர்கள்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் பல பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் இருக்கும் நூலகப் புத்தகங்கள் எல்லாம் திரும்பப் பெறப்படும். பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். பிறகு அலமாரியைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவார்கள். பாடமும் வீட்டுப்பாடமும் தேர்வுமாக மூச்சுவிட நேரமில்லாத மாதங்களில் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கிறது. நாள் முழுவதும் நேரம் கிடைக்கும்போது அது பூட்டுக்குள் போய்விடுகிறது. இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். விடுமுறை நாட்களில் பள்ளி நூலகங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. அந்த அனுபவமும், இது குறித்துப் படித்தறிந்தவையும் தரும் உரிமையில் பேசுகிறேன்.

இரண்டாம் வகுப்பு முடித்த ஒரு சிறுமி ‘பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். ‘பார்த்துக்’ வரை ஒரே மூச்சில் வந்தாள். ‘கொண்’ என்று இழுத்து நின்றாள். அடுத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி ‘கள்’ வந்து சேர்ந்தபோது, யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போனாள். எழுத்து தெரியாத பிள்ளை அல்ல அவள். 247 எழுத்துகளையும் தனித்தனியாகக் காட்டினால் சொல்லிவிடுவாள். ஆனால் கவனம் முழுவதும் எழுத்துக்கூட்டுவதிலேயே செலவாகிவிட்டால், பொருளைப் பிடித்துவைக்க மனத்தில் இடம் இருப்பதில்லை. விகுதிக்கு மேல் விகுதி சேர்ந்து சொற்கள் நீளும் நம் மொழியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய சொல்லைத்தான் கண் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளும். அந்தப் பழக்கம் உருவாகிவரும் வயதில்தான் வாரக்கணக்கில் அச்செழுத்தே கண்ணில் படாத இடைவெளியை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். பள்ளி நூலகத்தைத் தவிர வேறு புத்தகத்தைக் கண்டிராத பிள்ளையின் நிலைதான் கவலைக்குரியது.

விடுமுறையில் கற்றல் எவ்வளவு பின்தங்குகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு, சராசரியாக ஒரு மாத அளவுக்குப் பின்னடைவு என்றது. பின்னர் வந்த அளவீடுகள் சில, அந்த மதிப்பீட்டையே கேள்விக்கு உட்படுத்தின. அந்த விவாதம் நடக்கட்டும். புத்தகம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நேரடிச் சான்று ஒன்று உண்டு. ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் ஆகியோரும் குழுவினரும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 852 தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு, மூன்று கோடை விடுமுறைகளில் தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் 12 புத்தகங்கள் கொடுத்தார்கள். முடிவில் அந்தப் பிள்ளைகள், புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட வாசிப்பில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். 2010ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலமாரியின் முன் நிற்கும் பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? அட்டையைப் பார்க்கும். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரிக்கும். வரிகள் நெருக்கமாக இருந்தால் திருப்பி வைத்துவிடும். பாம்பைப் பற்றிய மெல்லிய புத்தகத்தை எடுக்கும். போன வாரம் எடுத்ததும் அதே புத்தகம்தான். உடனே நாம் குறுக்கிட்டு, “அதைத்தான் படித்துவிட்டாயே, இதை எடு” என்று நமக்குப் பிடித்த ஒன்றை நீட்டுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரே புத்தகத்தை மீண்டும் படிப்பது சோம்பல் அல்ல. முதல் முறை எழுத்துக்கூட்டிக் கடந்த வரிகளை மூன்றாம் முறை தடையின்றி வாசிக்கும்போதுதான் பிள்ளைக்குத் தன்மேலேயே நம்பிக்கை பிறக்கிறது.

புத்தகத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் போதுமா என்றால், போதாது. ஜேம்ஸ் கிம் என்ற ஆய்வாளரும் அவருடைய உடன் ஆய்வாளரும் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், வெறுமனே புத்தகம் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. விடுமுறைக்கு முன்பே ஆசிரியர்கள் வாசித்துக் காட்டி, புரிந்துகொள்ளும் வழிகளைச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டு வாசிக்கவும் பழக்கி அனுப்பிய பிள்ளைகளே முன்னேறினார்கள். ஆகவே விடுமுறைக்கு முந்தைய இரண்டு வாரங்களை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். புத்தகங்களைத் திரும்ப வாங்குவதற்கான காலமாக இருப்பதை, கொடுத்தனுப்புவதற்கான காலமாக மாற்றுங்கள்.

விடுமுறையின்போதும் வாரத்தில் இரண்டு காலை வேளைகள் நூலகம் திறந்திருந்தால் போதும். அங்கே என்ன செய்வது? முதலில் கதை வாசிப்பு. பெரியவர் ஒருவர் படம் தெரியும்படி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, குரலை ஏற்றி இறக்கி வாசிக்க வேண்டும். திருப்பம் வரும் பக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, “இப்போது என்ன செய்வாள் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். வரும் பதில் எதுவானாலும் ‘தவறு’ என்று சொல்லாதீர்கள், பக்கத்தைத் திருப்புங்கள். கதை முடிந்ததும் “இக்கதை கூறும் நீதி என்ன?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கதையில் மூழ்கியிருந்த பிள்ளையைத் தேர்வு அறைக்கு இழுத்துவரும் கேள்வி அது.

அடுத்தது வாசிப்பு நாடகம். மனப்பாடமும் வேண்டாம், ஒப்பனையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். ஒரு கதையை உரையாடல்களாகப் பிரித்து எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்து, பார்த்தே வாசிக்கச் சொல்லுங்கள். தன் பங்கு வரும்போது தடுமாறக் கூடாது என்பதற்காக, ஒரே பத்தியைப் பிள்ளைகள் தாமாகவே பத்து முறை வாசித்துப் பார்ப்பார்கள். வகுப்பில் பத்து முறை வாசி என்றால் எந்தப் பிள்ளையும் வாசிக்காது. கூச்சமுள்ள பிள்ளைக்கு எல்லாரும் சேர்ந்து சொல்லும் வரிகளைக் கொடுங்கள். கூட்டத்தோடு சேர்ந்து குரல் எழுப்பிப் பழகியபின் தனி வரிக்கு அதுவே முன்வரும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லலாம். இதில் அதிகப் பயன் அடைவது மூத்த பிள்ளைதான், குறிப்பாக வாசிப்பில் பின்தங்கிய மூத்த பிள்ளை. தன் வகுப்பில் ‘சின்னப் பிள்ளைகளின் புத்தகம்’ என்று கேலிக்கு ஆளாகக்கூடிய ஒன்றை, இங்கே பொறுப்போடு கையில் எடுத்துப் பழக முடிகிறது. புத்தகம் வழங்கும் பதிவேட்டையும் அவர்களிடமே கொடுங்கள். எவ்வளவு கவனமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

பரிசுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பதக்கம் என்று அறிவித்தால், பிள்ளைகள் பக்கங்களை எண்ணி மிக மெல்லிய புத்தகத்தைத் தேடுவார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சிறு பிள்ளைகள் சிலருக்கு, வரைந்தால் பரிசு தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகளின் ஆர்வம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. விருப்பமாகச் செய்ததைக் கூலிக்காகச் செய்வதாக மாற்றிவிட வேண்டாம்.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு? இந்த அச்சம் நியாயமானது. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்த புத்தகங்களுக்குத் தம் கையிலிருந்து பணம் கட்டிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதன்பின் அலமாரியைத் திறக்கத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் விதிகளை எழுதியவர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள். இந்திய நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் வழங்கப்படும் அல்லது படிக்க எடுக்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அங்கே ஒரு புத்தகம் படியெடுக்க மாதங்கள் ஆயின என்பதால் அதற்கொரு காரணம் இருந்தது. மிகச் சில பக்கங்களே உள்ள படக்கதைக்குப் பூட்டு எதற்கு?

இன்னொரு தயக்கமும் உண்டு: ஆசிரியர்களுக்கும் விடுமுறை வேண்டும். வேண்டும்தான், இந்தச் சுமையை அவர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரிடமிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். யாராக இருந்தாலும் விசாரித்தபின் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் பெரியவர்கள் இருவர் அறையில் இருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். சாவியைப் பெற்றுக்கொள்பவர் கையெழுத்திடட்டும். ஆசிரியர் செய்ய வேண்டியது, விடுமுறைக்கு முன் அவர்களுக்குப் பிள்ளைகளை அறிமுகம் செய்துவைப்பதும், யார் எந்த நிலையில் வாசிக்கிறார்கள் என்று சொல்லிவைப்பதும்தான்.

இந்த மடலைப் படிக்கும் கல்வி அலுவலர்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் எடுத்துப் படித்துக் கிழிந்த, தொலைந்த புத்தகங்களுக்கு ஆசிரியரிடம் பணம் பிடிக்கமாட்டோம் என்று எழுத்துமூலம் ஓர் உத்தரவு கொடுங்கள். ஆய்வுக்கு வரும்போது எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு முன், எத்தனை புத்தகங்கள் வெளியே போயிருக்கின்றன என்று கேளுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் முறையிலேயே எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். பிள்ளைக்கு மூன்று புத்தகங்கள், அவர்களே தேர்ந்தெடுத்தவை, பையில் வைத்து அனுப்புங்கள். நூலகம் திறந்திருக்கும் இரண்டு நாட்களையும் நேரத்தையும் பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வாசித்துக் காட்ட ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
விடுமுறை வாசிப்புத் தன்னார்வலர் ஒருவர்