அருட்பணிச்சபைச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, சபையோரே, பங்கு மக்களே,

வழமையான நிகழ்வுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவக்காலத் தியானம், மடு ஆடித் திருவிழா யாத்திரை, மறைக்கல்விப் போட்டிகள், ஒளிவிழா எல்லாம் குறையின்றி நடந்தன. நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தின்போது தாழ்நிலப் பக்கத்துக் குடும்பங்கள் ஆலய மண்டபத்தில் தங்கின. மாதா சபையும் இளையோரும் சமையலைப் பார்த்துக்கொண்டார்கள்.

சபையின் நேரத்தைக் கூடுதலாகத் தின்றது திருவிழா உபயப் பிரச்சினைதான், அதாவது திருவிழா நாள்களை யார் பொறுப்பேற்று நடத்துவது என்ற பிரச்சினை. "சில கருத்து வேறுபாடுகள் ஏற்பட்டுச் சுமுகமாகத் தீர்க்கப்பட்டன" என்று ஒரு வரி எழுதியும் முடித்திருக்கலாம். பழைய அறிக்கைகளில் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் அதே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தது என்பது என் எண்ணம்.

நவநாள் உபயங்களும் வெஸ்பரும் (திருவிழாவுக்கு முந்திய மாலை வழிபாடு) பரம்பரையாகச் சில குடும்பங்களிடமே இருந்துவந்தன. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று இந்தப் பங்கின் பிள்ளைகள்தான். சிரமதானத்துக்கு முதலில் மண்வெட்டியோடு வந்து நிற்பவர்களும் அவர்களே. 2009இல் எல்லாரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றோம். ஊர் திரும்பியபோது உபயப் பட்டியல் மட்டும் பழையபடி இருந்தது. அதோடு மணிக்கோபுரத்துக்கென வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசு தனிப்பட்டவரின் வங்கிக் கணக்கில் கிடந்தது. முதலில் முணுமுணுப்பு, பிறகு வாட்சப் குழுவில் வாய்ச்சண்டை, கடைசியில் ஆயர் இல்லத்துக்கு ஒரு மொட்டைக்கடிதம்.

எழுதியவரைத் தேட வேண்டாம் என்று பங்குத்தந்தை முதல் நாளே சொல்லிவிட்டார். மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்ன ஒழுங்கு தெளிவானது: முதலில் குற்றம் செய்தவரோடு தனியே பேசவேண்டும், பின்னர் ஓரிருவரைக் கூட்டிப் போகவேண்டும், அதன்பிறகுதான் சபை. எங்கள் ஊரில் முதலில் ஊருக்குத் தெரியும், கடைசியாகத்தான் உரியவருக்குத் தெரியும்! இம்முறை காசு வைத்திருந்தவரோடு தனியேதான் பேசப்பட்டது. அவர் காசைத் தொடவில்லை. ஆலயக் கணக்கு இயங்காமல் கிடந்ததால் தன் கணக்கில் வாங்கியிருக்கிறார். காசு இப்போது ஆலயக் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டது.

"சபை முடிவெடுத்தால் பாதர் கேட்கத்தானே வேணும்" என்று கூட்டத்தில் சிலர் வாதாடினார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 536ஆம் இலக்கப்படி எங்கள் சபைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. ஆனால் 537ஆம் இலக்கம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தேயாக வேண்டும் என்கிறது. எங்களிடம் அது பெயருக்குத்தான் இருந்தது.

புதிய நிதிக்குழுவை அமைக்கும்போது திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை வாசித்தோம். கிரேக்க மொழி பேசியோர் தங்கள் கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையிட்டார்கள். அதற்காகத் தெரிவான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்ட பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது. நாங்களும் நிதிக்குழுவில் பெரும்பான்மை இடங்களைக் குடியேற்றப் பக்கத்தாருக்குக் கொடுத்தோம். மாதக் கணக்கு இப்போது அறிவித்தல் பலகையில் ஒட்டப்படுகிறது. உபயங்கள் அன்பியங்களுக்கு (அயல் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களுக்கு) சுழற்சி முறையில் போகின்றன.

இதைப் பழைய உபயகாரர் சிலர் ஏற்கவில்லை, வெஸ்பருக்கும் வரவில்லை. அவர்களுக்குள் மூத்த ஐயா ஒருவர் மட்டும் வந்து வழமைபோல் திருச்சுரூபக் கூடு தூக்கினார். "உபயம் ஆற்றையெண்டாலென்ன, தோள் என்ரைதானே" என்றார்.

ஒரு குடும்பம் இன்னும் பக்கத்துப் பங்குக்குத்தான் பூசைக்குப் போகிறது. பங்குத்தந்தை இருமுறை வீடு தேடிப் போய்வந்தார், சபையிலிருந்தும் ஆட்கள் போகவேண்டும். மணிக்கோபுரத்தில் பெயர்க்கல் பதிக்கவேண்டும் என்று காசு அனுப்பியோர் கேட்கிறார்கள். மறைக்கல்விக் கொட்டகையின் கூரை ஒழுகும்போது கோபுரம் அவசரமில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. இருந்தாலும் கோபுரத்துக்கென்று தந்த காசை அவர்களின் சம்மதமில்லாமல் கூரைக்கு எடுக்க முடியாது. கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை.

ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைகளுக்கு மேல் மூப்பராக (பங்கு மக்களின் பொதுநிலைத் தலைவராக) இருக்கக்கூடாது என்ற பிரேரணை இன்றைய கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. இப்போதைய மூப்பரே அதை முன்மொழிகிறார். அதற்கு முன்பாக இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்