கலாம் இல்லம் காண வரும் மாணவர்களைக் கடற்கரைக்கும் அழைத்துச் செல்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை நெருங்கியதும் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்குப் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும். பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்தையும், ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அவர் வளர்ந்த வீட்டையும் பார்க்காமல் மாணவர்கள் திரும்புவது அரிது. ஆனால், நெரிசலில் படியேறி, புகைப்படங்களையும் விருதுகளையும் பார்த்தபடியே வரிசையில் நகர்ந்து, இறங்கியவுடன் பேருந்தில் ஏறிவிடுகின்றனர். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்குச் சென்ற சிறுவனை அவர்களுக்கு அறிமுகப்படுத்த எவருக்கும் நேரமிருப்பதில்லை.

கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். தமக்குப் புரியவில்லை என்று கலாம் சொல்ல, மற்ற மாணவர்களும் அதையே சொல்ல, அவர் சினம் கொள்ளாமல் அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறந்துகொண்டிருந்த பறவைகளைக் காட்டிப் பாடத்தை நடத்தினார். தம் வாழ்க்கையின் திசையை அந்த மாலைதான் தீர்மானித்தது என்று கலாம் மாணவர்களிடம் பலமுறை கூறியிருக்கிறார். வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முன்னால் 'புரியவில்லை' என்று சொல்லத் துணிந்த மாணவரும், அதை மதித்த ஆசிரியரும் ஒருங்கே அமைந்தது எத்தகைய பேறு!

அந்தப் பாடத்தை இன்றும் நடத்தலாம். பனிக்காலத்தில் கடற்காகங்கள் எதிர்க்காற்றில் சிறகடிக்காமலே மிதந்து செல்வதையும், ஆலா என்னும் கடற்பறவை ஒரே இடத்தில் சிறகடித்து நின்று மீனைக் கண்டதும் செங்குத்தாகப் பாய்வதையும் இங்குக் காணலாம். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்புக்கு வரும் பூநாரைகள் நீரில் சிறிது தூரம் ஓடிய பின்னரே மேலெழும்பும். விமானத்துக்கு ஓடுபாதை எதற்கு என்பதை அதைவிடத் தெளிவாக விளக்க, அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றிய என்னால் இயன்றதில்லை. தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லக் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் மரப்படகு கட்டியதையும், அதைப் புயல் கொண்டுபோனதையும் அந்தக் கடற்கரையில் நின்றே சொல்லலாம்.

எனவே, சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரத்தைக் கடற்கரைக்கு ஒதுக்கி, இல்லத்தையும் நினைவிடத்தையும் அதன் பிறகு காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். பூநாரைகளை நெருங்காமல் தொலைவில் நின்றே பார்க்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் நீரோட்டம் கடுமையானது என்பதால், பிள்ளைகளைக் கடலில் இறங்க விடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
உச்சிப்புளி.