ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. அணை திறந்து கார் நடவு நடக்கிறது, வயலே கதியாகக் கிடந்தேன். அம்மாவுக்கு முட்டுவலி இப்போது பரவாயில்லை.

டிவியில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததாகவும், இங்கே கூட்டத்தில் பேச வந்து கைதான கட்சித் தலைவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். அன்றைக்கே விட்டுவிட்டார்கள். கூட்டம், ஊர்வலத்துக்கு முன் அனுமதி கேட்கிற போலீஸ் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது, அனுமதி கிடையாது என்றார்கள். அவர் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிஷம் பேசியிருப்பார், வேனில் ஏற்றிவிட்டார்கள். கூட வந்தவர்களையும் சேர்த்துக் கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் தக்காளி சாதம் கொடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் ஊர் இரண்டுபட்டுப் போனது. கட்சிக்காரர்கள் மறியல் செய்ததில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. டீக்கடை அண்ணாச்சி, "தேர்தல் வருதுல்லா, அதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் தலைவரின் கட்சிக்கு ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் அந்த வெயிலில் வந்து நின்ற பெரிய மனுஷன் அவர் ஒருத்தர்தானே?

எதற்காக அந்தக் கூட்டம் என்று டிவியில் சொன்னார்களா? தெற்குத் தெருவில் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிற பையன், பத்தொன்பது வயசு. வைகாசியில் ஒரு ராத்திரி பைக் திருட்டு என்று விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் வழக்கு எதுவும் இல்லாமல் விட்டார்கள். இரண்டு கையிலும் மாவுக்கட்டு. வழுக்கி விழுந்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். இன்றைக்கும் அவன் அம்மாதான் சோறு ஊட்டுகிறாள்.

கூட்டத்துக்கு நாற்பது பெண்கள் போல வந்திருந்தார்கள், எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தால் அன்றையக் கூலி போச்சு, உனக்குத் தெரியும். மண்டபத்து வாசலில் அந்தப் பையனின் பெரியம்மா என்னிடம் சொன்னாள்: "தலைவரைப் பிடிச்சதும் ஊரே கேக்கு. எங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போவும்போது ஒருத்தரும் கேக்கலயே அண்ணாச்சி." எனக்குத் தலை நிமிரவில்லை. அவனைக் கூட்டிப் போன ராத்திரி ஜீப் சத்தம் என் வீட்டுக்கும் கேட்டது. நானும் கதவைத் திறக்கவில்லை, சங்கரா.

என் மனைவி என்னைக் கூட்டத்துக்கே போக விடவில்லை, மீறித்தான் போனேன். அவளைக் குறை சொல்ல முடியாது. அடுத்த வாரம் ஜூலை 23. 1999-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காக நடந்த ஊர்வலத்தில் நாம் இரண்டு பேரும் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் நின்றோமே. போலீஸ் தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் விழுந்து ஓடியவர்களில் எத்தனை பேர் கரையேறவே இல்லை. 17 உயிர், அதில் இரண்டு வயசுக் குழந்தையும் ஒன்று. நம் பக்கத்தில் ஊர்வலம் என்றாலே வீட்டில் பெண்கள் இன்றும் பயப்படுகிறார்கள்.

சரி, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். பையன் பேரில் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு நாள் இருக்கிறது. என் கவலை கேமரா பதிவைப் பற்றி. ஸ்டேஷன் கேமரா பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது அழிந்துவிட்டால் அவன் சொல்லை யார் நம்புவார்கள்? பதிவைப் பத்திரப்படுத்த உத்தரவிடக் கேட்டு மனுவில் தனியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனசில்லை. நகலோடு உனக்கு அனுப்புகிறேன், நீயே சென்னை ஆபீசில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் நம்பரும் வாங்கிவிடு. அன்று ராத்திரியே எனக்குப் போன் பண்ணு. அவன் அம்மா காத்திருக்கிறாள்.

அன்புடன்,
சுடலைமுத்து