ஒரு வாய்தா கொடுத்திருந்தால்

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதுவது.

நீ வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா, ஜெர்மன் அரசியல்வாதி ஃபில்பிங்கரை ஊருக்கு நல்லது செய்த மனுஷன் என்று சொன்னதாகவும், நீ தேடிப் பார்த்தால் ஹிட்லர் காலத்துக் கடற்படை நீதிபதி என்று வருவதாகவும், இதில் எதை நம்புவது என்றும் கேட்டிருந்தாய். இரண்டையும் நம்பு. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகவே காலம் தள்ளியவன் என்பதால் இந்த ஆளின் கதையை நான் கொஞ்சம் ஆசையாகவே படித்து வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் அரைகுறையாகப் போய்விடும்.

அந்தம்மா சொல்வதில் பொய் இல்லை. ஹான்ஸ் ஃபில்பிங்கர் 1913-இல் மன்ஹைமில் பிறந்தவர், நீ இருக்கிற ஃப்ரைபர்கில் சட்டம் படித்தவர், போர் முடிந்து அங்கேயே வக்கீல் தொழில் பார்த்தவர். 1951-இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார், 1960-இல் மாநில உள்துறை அமைச்சர், 1966-இல் முதலமைச்சராக இருந்த கீசிங்கர் நாட்டின் சான்சலராக, அதாவது பிரதமராகப் போனதும் அவர் இடத்தில் பாடன்-வுர்ட்டம்பெர்க் முதலமைச்சர். ஏறக்குறைய 12 வருஷம் அந்த நாற்காலி. 1976 தேர்தலில் அவர் கட்சி வாங்கியது 56.7 சதவீதம்! உங்கள் பக்கத்து வீல் கிராமத்தில் அணு உலை கட்டாவிட்டால் மாநிலத்தில் விளக்கு அணைந்துவிடும் என்று அவர் அடித்துச் சொன்னதும், திராட்சைத் தோட்டக்காரர்கள் அந்தக் காட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டு உலையே வராமல் செய்ததும் தனிக் கதை. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா, இப்போது அது இயற்கைக் காப்பிடமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1978 பிப்ரவரியில் ஹோஹூத் என்ற எழுத்தாளர் 'டீ ட்சைட்' பத்திரிகையில் இவரைப் பற்றி எழுதினார். ஹிட்லர் செத்த பிறகு, பிரிட்டிஷ்காரர்களின் போர்க் கைதி முகாமுக்குள் இருந்துகொண்டே, நாஜி சட்டத்தை வைத்து ஒரு ஜெர்மன் மாலுமியைத் தண்டித்த பயங்கரமான சட்டக்காரர் இவர் என்று. நடந்தது உண்மைதான். சரணாகதிக்குப் பிறகு நார்வே முகாமில் ஒருவன் சீருடையிலிருந்த ஸ்வஸ்திகாவைப் பிய்த்து எறிந்துவிட்டு மேலதிகாரிகளைத் திட்டினான், அவனுக்கு இவர் ஆறு மாதம் போட்டார். யாருக்காகப் போட்டாரோ, அந்த அரசாங்கமே அப்போது உயிரோடு இல்லை. எழுதியதை நிறுத்தச் சொல்லி ஃபில்பிங்கர் வழக்குப் போட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்! வழக்கு என்று வந்ததும் எதிர்த்தரப்பு பழைய வழக்குக் கட்டுகளைத் தோண்ட ஆரம்பித்தது. அப்படித்தான் வால்ட்டர் கிரோகரின் கட்டு வெளியே வந்தது.

கிரோகர் ஒரு கடற்படை மாலுமி, சாகும்போது வயது 22. 1943 கடைசியில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நார்வேயின் ஆஸ்லோவில், பணிக்குத் திரும்பாமல் ஒரு நார்வே பெண்ணோடு தங்கிவிட்டான், ஸ்வீடனுக்கு ஓடிவிடலாம் என்று இருவருக்கும் யோசனை. பிடித்துவிட்டார்கள். முதலில் விசாரித்த ராணுவ நீதிமன்றம் எட்டு வருஷம் கடுங்காவல் போட்டது. மேலிடத்துக்கு அது போதவில்லை, மரண தண்டனைதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு விசாரணையில் அரசுத் தரப்பில் வந்து நின்றவர் ஃபில்பிங்கர். 1945 ஜனவரியில் மரண தண்டனை கேட்டார், கிடைத்தது. மார்ச் 16 அன்று மதியம், கருணை மறுக்கப்பட்டது என்று கிரோகரிடம் படித்துக்காட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் சுட்டுவிட்டார்கள். மேற்பார்வை அதிகாரியாக அங்கே நின்றவரும் இவரே. இன்னும் 53 நாளில் ஜெர்மனி சரணடைந்துவிட்டது. பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை, அந்தம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது வருஷம் 1954.

மேலிடம் கேட்டது, நான் என்ன செய்ய முடியும் என்பதுதான் ஃபில்பிங்கரின் வாதம். இங்கேதான் எனக்கு ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஒரு கட்டு எப்படி நகரும், எப்படி நகராது என்று எனக்குத் தெரியும். சம்மன் உரியவரிடம் சேர்ந்து திரும்பவில்லை, நகல் டைப் ஆகவில்லை, அசல் இன்னும் வந்து சேரவில்லை என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த மாதத்துக்குப் போய்விடும். சமாதான காலத்தில், எல்லா ரயிலும் ஓடுகிற ஊரிலேயே இந்த நிலைமை. 1945 மார்ச்சில் பெர்லினுக்கும் ஆஸ்லோவுக்கும் நடுவில் ஒரு காகிதம் காணாமல் போக எத்தனை நியாயமான காரணம் இருந்திருக்கும், யோசித்துப் பார். ஒரே ஒரு வாய்தா, பையன் பிழைத்திருப்பான். அவருக்கு அந்த வழி தெரியாது என்றும் சொல்ல முடியாது. மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஒரு பாதிரியார் வழக்கை மறுபடி எடுக்க வைத்து அவரைக் காப்பாற்றியவரும் இதே ஃபில்பிங்கர்தான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதிரியாருக்கு வழி தேடியவர் கிரோகருக்குத் தேடவில்லை. மாலுமிக்காக எந்த மடமும் வந்து பேசாது என்பதாலா என்று எனக்கு ஒரு சந்தேகம், என் சந்தேகம்தான்.

இவ்வளவுக்கும் பிறகுகூட, 'அந்தப் பையனை நினைத்தால் வேதனையாக இருக்கிறது' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பதவி தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதாக 'டேர் ஷ்பீகல்' பத்திரிகை போட்டது என்ன தெரியுமா? அன்று சட்டப்படி சரியாக இருந்தது இன்று தப்பாக முடியாது என்று. தான் அப்படிச் சொல்லவில்லை என்று பின்னால் மறுத்தார், யார் கேட்டார்கள்! வேறு மரண தண்டனை எதிலும் தனக்குப் பங்கில்லை என்றார், கட்டுகள் வந்தன, மறந்துவிட்டது என்றார். மரண தண்டனை மறக்கிற விஷயமா? ஸ்டுட்கார்ட் நீதிமன்றமும் 'பயங்கரமான சட்டக்காரர்' என்று ஹோஹூத் எழுதியதைத் தடுக்க மறுத்துவிட்டது. 1978 ஆகஸ்ட் 7-இல் ராஜினாமா. 2002-இல் ஜெர்மன் நாடாளுமன்றம், படையை விட்டு ஓடியவர்களுக்கு நாஜிக் காலத்தில் விதித்த தண்டனைகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. அப்போதும் அவர் இருந்தார், 88 வயது.

2007-இல் அவர் இறந்ததும், உங்கள் ஊர் பெரிய தேவாலயத்தில் நடந்த அஞ்சலியில் அப்போதைய முதலமைச்சர் ஓட்டிங்கர், ஃபில்பிங்கர் நாஜி அல்ல, அந்த ஆட்சியின் எதிரி என்றும், அவர் கொடுத்த தீர்ப்பால் ஒரு உயிரும் போகவில்லை என்றும் பேசினார். கட்சித் தலைவி மெர்க்கலே கண்டித்து, சில நாளில் பேச்சைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இரண்டாவது வாக்கியத்தைக் கவனித்தாயா? கிரோகர் வழக்கில் அவர் நீதிபதி இல்லையே, தண்டனை கேட்ட வக்கீல்தானே. வார்த்தை மட்டும் சரி, விஷயம் தப்பு. வக்கீல் குமாஸ்தா மூளை!

அந்தம்மாவிடம் இதையெல்லாம் போய் வாதாடிக்கொண்டிருக்காதே, வாடகைக்கு இருக்கிற பிள்ளை நீ. ஜெர்மனியின் ராணுவ ஆவணக் காப்பகம் ஃப்ரைபர்கில்தான் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களை உள்ளே விடுவார்களா என்று விசாரி. விட்டால், பழைய கடற்படை நீதிமன்றக் கட்டு ஏதாவது ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரக் குறிப்பெல்லாம் யார் கையெழுத்தில் இருக்கிறது, எந்தத் தாளில் எந்தத் தேதி முத்திரை விழுந்திருக்கிறது என்று எனக்கு எழுது. தீர்ப்பை நான் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்வேன்.

அப்பா