வீட்டு மாமரங்களின் பூசண நோய்க்கு மொட்டு விடும் முன்பே உதவி கேட்டு மனு

பெறுநர்: தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

கொல்லையில் ஒன்றோ இரண்டோ மாமரம் வைத்திருக்கும் நாங்கள் சேர்ந்து எழுதும் மனு இது. பூ என்னவோ நன்றாகத்தான் பிடிக்கிறது, அப்புறம் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் படர்ந்து பூவும் மிளகளவு பிஞ்சும் கொத்தோடு கொட்டிவிடுகின்றன. தப்பிய காயைப் பறிக்கும்போது தோலில் ஒரு குறை தெரியாது. ஆந்த்ராக்னோஸ் பூசணம் பிஞ்சிலேயே புகுந்து அடங்கிக் கிடப்பதால், பழுக்கப் பழுக்கக் கரும்புள்ளிகள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, குழிந்து அழுகுகிறது. அந்த நேரத்தில் மருந்தடித்து என்ன பயன்?

உங்கள் துறையின் ஆலோசனை எல்லாம் தோப்புக்காரர்களுக்கு, ஏக்கர் கணக்கில் வருகிறது. எங்கள் மரமோ கிணற்றுக்கும் சமையலறை சன்னலுக்கும் நடுவில் நிற்கிறது. சாம்பல் நோய்க்குத் தண்ணீரில் கலந்து அடிக்கும் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் என்றால் அதை எதில் நிறுப்பது? பெரிய பாக்கெட்டை உடைத்து, கண் அளவில் கரைத்து, மீதியைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைத்துக்கொள்கிறோம். ஒரு தடவைக்கு மட்டும் ஆகும் சின்ன பாக்கெட்டுகளை, வெயில் உச்சியில் அடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையோடு, உங்கள் அலுவலகத்திலேயே கொடுங்கள். உச்சிக்கிளை வரை எட்டும் தெளிப்பானும் கவாத்துக் கத்தியும் வாடகைக்குக் கிடைத்தால் போதும், சொந்தமாக வாங்கித் தரக் கேட்கவில்லை.

இன்னொன்று, இலையில் கறுப்புப் படலம் என்று கடையில் சொன்னாலே பூசணக்கொல்லியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கரும்பூசணம், சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்தில்தான் வளர்கிறது, பூச்சியை விட்டுவிட்டுப் படலத்துக்கு மருந்தடித்தால் திரும்ப வரத்தானே செய்யும்! இதை நேரில் வந்து மரத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் அலுவலரை, பருவத்துக்கு ஒரு முறையாவது அனுப்புங்கள்.

காய்ப்பு முடிந்ததும் காய்ந்த குச்சி, கருகிய பூங்கொத்து, உதிர்ந்த இலை இவற்றை அள்ளிப்போக ஒரு நாள் குறித்து எல்லா வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். சாம்பல் நோயின் வித்துகள் காற்றில் பறப்பவை, ஒரு வீட்டில் மட்டும் கூட்டிப் பெருக்கி என்ன, அடுத்த வீட்டு மரத்திலிருந்து வந்துவிடும்.

பூ முழுக்க விரிந்த பிறகு மருந்தடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் பாதிக்கப்படலாம். ஆகவே மொட்டு விடும் முன்பே பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொல்லையில் மாமரம் வைத்திருப்போர்