வேலூருக்கு ஒரு திறந்தவெளித் திரை வேண்டும்: ஆட்சியருக்கும் மாநகராட்சிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சியின் மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தொரப்பாடியில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. குடிநீர், சாலை, பாதாள சாக்கடை என்று நாள்தோறும் உங்கள் மேசைக்கு வரும் மனுக்களுக்கு நடுவே, படம் பார்க்க ஓர் இடம் கேட்டு எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். எங்கள் வீட்டில் ஆறு பேர். கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக வெளியே சென்று மூன்று மணி நேரம் மகிழ்ச்சியாக உட்கார்ந்திருந்த நாள் ஒன்றுகூட இல்லை என்பதை எண்ணிப் பார்த்த பிறகு எழுதத் துணிந்தேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே நான்கைந்து உண்டு.

காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ் இன் தியேட்டர் ஒன்று, வேலூர் குடும்பங்களின் நிலைக்கு ஏற்ற மாற்றங்களோடு, இந்த மாவட்டத்தில் அமைய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

2015-ஆம் ஆண்டு ஓர் உறவினர் திருமணத்துக்காக, வாடகைக்கு எடுத்த ஆம்னி வேனில் நாங்கள் சென்னைக்குச் சென்றிருந்தோம். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் குழறி, மருத்துவமனைக்குப் போவதைத் தவிர வீட்டை விட்டே வெளியே வராமல் இருந்தார். இளம் வயதில் அணைக்கட்டுப் பக்கத்து டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து வாரம் தவறாமல் படம் பார்த்தவர் அவர். திருமணம் முடிந்த அன்று மாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருந்த பிரார்த்தனா திறந்தவெளித் திரையரங்குக்குப் போகலாம் என்று என் கணவர் சொன்னபோது, இவரை வைத்துக்கொண்டு எப்படி என்று நான்தான் முதலில் மறுத்தேன்.

வேனைத் திரைக்கு நேராக நிறுத்தினோம். முன் இருக்கையிலிருந்து அவரை இறக்கவே தேவை இருக்கவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, கீழே ஜமக்காளம் விரித்து நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதமும் அப்பளமும் தூக்குவாளியில் இருந்தன. படம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஓட்டுநர் பின்னால் பார்க்கும் சிறு கண்ணாடி திரையின் மேல் மூலையை மறைத்ததால், மாமா எங்களில் ஒருவரையும் கூப்பிடாமல், இடது கையை மெதுவாக உயர்த்தி, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை அதை மேலே தள்ளிவிட்டார். வாயில் ஊட்டும் சோற்றைத் தவிர வேறெதையும் தானாகக் கேட்காமலும் செய்யாமலும் இருந்த மனிதர், தமக்குப் பிடித்ததைப் பார்ப்பதற்காகத் தாமே செய்துகொண்ட செயல் அது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அத்தை இன்றும் அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசாத பொங்கல் இல்லை. பிரார்த்தனாவும் பின்னர் மூடப்பட்டுவிட்டது.

இந்த வகைத் திரையரங்கின் பிறப்பிலும் இப்படி ஒரு குடும்பக் கதை சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர், தம் தாயார் திரையரங்கின் குறுகிய நாற்காலியில் உட்கார முடியாமல் வருந்தியதைக் கண்டே இதை யோசித்தார் என்பார்கள். தம் வீட்டு வாசலில் காரின் முன்மூடியில் படக்கருவியை வைத்து, மரங்களுக்கிடையே துணியைக் கட்டி, பின்னால் நிற்கும் காருக்கு முன்னால் நிற்பது மறைக்காதிருக்க முன்சக்கரங்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்திப் பார்த்திருக்கிறார். மழை பெய்தால் எப்படியிருக்கும் என்று அறிய, தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காரின்மேல் திருப்பிவிட்டும் சோதித்தார். 1933-ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று கேம்டன் நகருக்கு அருகே அவருடைய அரங்கு திறக்கப்பட்டது. தொடக்கத்தில் திரையருகே வைத்த பெரிய ஒலிபெருக்கிகளின் இரைச்சல் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாக இருக்கவே, 1940-களில் ஒவ்வொரு காருக்கும் ஒரு சிறு ஒலிபெருக்கி வந்தது. இப்போது படத்தின் ஒலி குறைந்த திறன் கொண்ட பண்பலையில் வண்டியின் ரேடியோவுக்கே வந்துவிடுகிறது; எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் இந்த வசதி பிறருக்குச் சிறிதாகத் தோன்றலாம். என் மகனுக்கு ஒன்பது வயது. திடீரென்று எழும் பேரொலியை அவனால் தாங்க முடியாது. காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திரையரங்கில், படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில், பின்வரிசையில் இருந்தவர்கள் கூச்சலிட, ஊழியர் ஒருவர் டார்ச் வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்து எங்களை வெளியே போகச் சொன்னார். அவர்கள் எல்லோரும் பணம் கொடுத்து வந்தவர்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது, "நான் சத்தம் போட்டதாலதானே?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மூட்டுவலியால் அந்தப் படிக்கட்டில் ஏறவே முடியாத அத்தை அன்று வீட்டிலேயே இருந்துவிட்டார். கைக்குழந்தையோடு இருக்கும் என் நாத்தனாரும் வரவில்லை. குடும்பமாகப் படம் பார்ப்பது என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் நின்றுபோனது.

கார் வைத்திருப்பவர்களுக்கான பொழுதுபோக்குக்கு அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானதே. மும்பையில் 2021-இல் தொடங்கப்பட்ட 290 கார்களுக்கான அரங்கு ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. அது நமக்கு முன்மாதிரி ஆகாது. அகமதாபாத்தில் 1973-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சன்செட் டிரைவ் இன் அரங்கையே பாருங்கள். 600-க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் அந்தத் திடலில், குடும்பங்கள் பாயும் தலையணையும் கொண்டுவந்து தரையில் விரித்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்ததைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார்கள். கார் இல்லாதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அந்த அரங்கின் பெயராலேயே அங்கே ஒரு சாலை இருக்கிறது.

வேலூரில் பெரும்பாலான குடும்பங்கள் இருசக்கர வண்டியிலும் ஷேர் ஆட்டோவிலும் செல்பவை. ஆகவே இங்கே அமைவதில் திரைக்கு முன்னால் உள்ள நல்ல இடம் பாய் விரித்து உட்காருபவர்களுக்கே இருக்கட்டும். பழைய கொட்டகையின் தரை டிக்கெட்டைப் போலக் குறைந்த கட்டணத்தில் அது கிடைக்கட்டும். அதற்குப் பின்னால் ஆட்டோக்கள், அதற்கும் பின்னால் கார்கள், கடைசியில் உயரமான வேன்களும் டாடா ஏஸ் வண்டிகளும் நிற்கட்டும். தரையில் இருப்பவர்களுக்கு மட்டும் தாழ்வான ஒலிபெருக்கிகள் சில போதும். 500 கார்களுக்குப் பத்து ஏக்கருக்கு மேல் தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. நமக்கு நூறு வண்டிகளும் ஐந்நூறு பேருக்கான தரையும் என்றால், நான்கு ஏக்கரில் அடங்கிவிடும்.

இடத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். கோட்டை நகரின் நடுவே இருக்கிறது, 133 ஏக்கர் பரப்பு என்று யாரேனும் உடனே கை காட்டுவார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1806-இல் சிப்பாய்கள் எழுந்த மண். அங்கே வண்டிகளை விட வேண்டாம். பாலாற்றுப் படுகை வறண்டு கிடக்கிறதே என்று அதையும் தொட வேண்டாம், எந்த ஏரியையும் தூர்க்க வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு எட்டும் தூரத்தில், குடியிருப்புகளிலிருந்து சற்று விலகி, மேய்ச்சலுக்கோ நீர்வழிக்கோ பயன்படாத மேட்டு நிலம் வருவாய்த் துறையின் பதிவேட்டில் இல்லாமல் போகாது. திரையின் முகம் மேற்கு பார்க்காதபடி அமைந்தால், அந்தி வெளிச்சம் நேராக விழுந்து படத்தை வெளுக்கச் செய்யாது.

வெயிலைச் சொல்லி இதைத் தள்ளிவிடுவார்களோ என்பதும் என் கவலை. சித்திரையில் இங்கே பகலெல்லாம் அனல் வீசுவதும், சூரியன் மறைந்த பின்னும் சுற்றியுள்ள பாறை மலைகள் வெப்பத்தைக் கக்குவதும் நமக்குப் பழகியவை. ஆனால் அந்த இரவுகளில்தான் நம் மக்கள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் மொட்டை மாடிக்கும் தெருத் திண்ணைக்கும் வருகிறார்கள். எட்டு மணிக்குமேல் திறந்த வெளியில் வீசும் காற்று, மின்விசிறி சுற்றும் அறையைவிட எவ்வளவோ மேல். தையில் ஆறு மணிக்கும் சித்திரையில் ஆறரைக்கும் பொழுது சாய்ந்துவிடுவதால், ஏழரைக்கு ஒரே ஒரு காட்சி வைத்தால் பத்தரைக்குள் எல்லோரும் வீடு திரும்பலாம். ஏசிக்காக எஞ்சினை ஓடவிடக் கூடாது என்ற விதி கட்டாயம் வேண்டும். தரையில் குழந்தைகள் படுத்திருக்கும் இடத்தில் புகை சூழக் கூடாது. ஆவணி, புரட்டாசியில் மாலை இடிமழையும் அதற்குப்பின் பருவமழையும் வந்துவிடும் என்பதால் அந்த மாதங்களில் மூடியே வைக்கலாம்.

இன்னொரு சாரார் எங்கள் ஊருக்கே உரியவர்கள். மருத்துவத்துக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து வந்து, வாரக்கணக்கில் சிறு விடுதி அறைகளில் தங்கியிருக்கும் குடும்பங்களை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்து, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து, மாலையில் செய்வதறியாமல் நடைபாதையில் நிற்கும் அந்தப் பிள்ளைகளின் முகம் என்னை எப்போதும் உறுத்தும். வாரத்தில் ஒரு நாள் வங்காளியிலோ இந்தியிலோ ஒரு படம் போட்டு, காந்தி சாலைப் பக்கத்திலிருந்து ஒரு பேருந்தும் விட்டால், நோயாளியோடு வந்தவர்கள் சற்று மூச்சு விடுவார்கள்.

இருட்டில் நிற்கும் வண்டிகள் என்றாலே பெற்றோர்களுக்கு ஓர் அச்சம் வரும். ஆசிரியையாக அதை நான் அறிவேன். மது அறவே கூடாது. வாசலில் சோதனை வேண்டும், பெண் காவலர்கள் இருக்க வேண்டும். கழிப்பறைக்குச் செல்லும் பாதையில், திரையைக் கெடுக்காத அளவுக்குத் தரையோரம் விளக்குகள் வேண்டும். கழிப்பறை சுத்தமாக இல்லாவிட்டால் பெண்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள் என்பதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம். உணவு விற்கும் உரிமையை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுங்கள்; சுண்டலும் பணியாரமும் ஆற்காடு மக்கன் பேடாவும் அவர்கள் கையால் கிடைக்கட்டும். வீட்டுச் சாப்பாட்டை வாசலில் பிடுங்கி வைக்கும் வழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம்.

1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இந்த மாவட்டத்தில் திரையரங்குக்கு உரிமம் வழங்குவது ஆட்சியரின் பொறுப்பு. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் டூரிங் கொட்டகைக்கும் இடம் அளித்தவை. எனவே புதிதாக ஒரு சட்டம் கேட்டு நான் வரவில்லை. வருகிற தை முதல் சித்திரை வரை, சனி, ஞாயிறுகளில் மட்டும், தற்காலிகத் திரை ஒன்றை வைத்துச் சோதனை முறையில் நடத்திப் பாருங்கள். மாநகராட்சியே நடத்தினாலும் சரி, கட்டண உச்சவரம்பு விதித்துத் தனியாரிடம் ஒப்படைத்தாலும் சரி. கூட்டம் வரவில்லையென்றால் பங்குனியிலேயே பிரித்துவிடலாம்.

இம்மடலின் படியை வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கவிருக்கிறேன். எங்கள் தெருவில் இதுவரை 43 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து என் அத்தையுடையது. ஆட்டோவில் அவரையும் அழைத்துக்கொண்டுதான் வருவேன். உங்கள் அலுவலகப் படிகளில் அவரால் ஏற முடியாது என்பதால், கீழே வந்து அவரிடம் மனுவைப் பெற்றுக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொரப்பாடியில் வசிக்கும் ஓர் ஆசிரியை