வீட்டைப் பார்க்குமுன் கம்பத்தைப் பார்

களுவாஞ்சிகுடி

அன்புள்ள சாந்தி,

இடமாற்றம் கிடைத்துவிட்டது, தை மாதம் காரைதீவுக்கு வருகிறோம் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் உடனே கட்டாருக்குக் கோல் எடுத்து இவரிடம் சொன்னேன். மாத்தறையில் இருந்துகொண்டு ‘வருகிறேன், வருகிறேன்’ என்று எத்தனை வருஷம் எங்களை ஏமாற்றினாய்! இனி அந்தக் கதை சரிவராது. கல்முனை பஸ்ஸில் ஏறி நானே வந்து கதவைத் தட்டுவேன்.

அம்மா சுகம். பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறா. மகளுக்கு அடுத்த வருஷம் உயர்தரம். நம்ம ஹொஸ்டல் கூட்டாளி பப்பாசிக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை, தெரியும்தானே?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘புது வீட்டுக்கு எந்தக் கம்பனியின் இன்டர்நெட் எடுக்கலாம்?’ என்று போகிற போக்கில் ஒரு வரி கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் ஏலாது. கல்லடி வீட்டை விட்டு இங்கே அம்மாவின் வளவுக்கு வந்ததில் இருந்து என் தலைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கிணற்றுக் கட்டு, மதில், பெயின்ட் எல்லாம் மேசனும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒன்றுக்குத்தான் நான் அலைந்தேன்.

சாந்தி, கம்பனியைத் தெரிவு செய்வது கடைசி வேலை. உன் ஒழுங்கைக்குள் என்ன வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம்ம பக்கத்தில் வீட்டு இணைப்பு என்றால் பெரும்பாலும் எஸ்எல்டி மொபிடெல், இல்லையென்றால் டயலொக். ஏர்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரே கம்பனி ஒரு தெருவில் பைபர் கொடுக்கும், அடுத்த தெருவில் பழைய செப்புக் கம்பி இருக்கும், அதற்கும் அப்பால் போன் டவரில் இருந்து சிக்னல் பிடிக்கிற 4ஜி ரவுட்டர் மட்டும்தான் கிடைக்கும். விளம்பரத்தில் இருக்கிற பெயர் ஒன்றுதான், வீட்டுக்குள் வந்து சேர்கிற சாமான் வேறு வேறு. கொழும்பில் இருக்கும் உன் தம்பி ‘இதுதான் திறம்’ என்று சொன்னால், அது அவன் தொடர்மாடிக்குத் திறம். காரைதீவு கடற்கரை ஒழுங்கைக்கு அது பொருந்த வேண்டும் என்றில்லை.

நீ பார்த்து வைத்திருக்கிற இரண்டு வீட்டில் கடற்கரைப் பக்க வீடு மலிவு என்று எழுதியிருக்கிறாய். அங்கே செப்புக் கம்பிதான் என்றால் நன்றாக யோசி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து தூரம் கூடக் கூட அதில் வேகம் குறையும். நாலைந்து கிலோமீற்றர் தாண்டினால் பெயருக்குத்தான் இணைப்பு. உப்புக் காற்றுக்குக் கம்பி மூட்டுகளில் களிம்பு பிடிக்கும், மாரி மழைக்குத் தண்ணீர் இறங்கும். மின்னல் அடித்தால் அந்தக் கம்பி வழியாகவே வந்து ரவுட்டரை எரித்துவிடும். ஐப்பசி கார்த்திகை இடி உனக்குத் தெரியாததா? வந்தாறுமூலையில் ஹொஸ்டல் ரிவி எரிந்த இரவு பப்பாசி போட்ட கூச்சலை நினைத்துப் பார்!

பைபர் கண்ணாடி இழை. அதற்குள்ளால் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை. அதனால் மின்னல் அந்த வழியாக வராது. கரண்ட் வழியாக வரலாம், ஆகவே இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருந்து 20 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பதால் தூரமும் பெரிய பிரச்சினை இல்லை. கிடைக்கிற இடத்தில் பைபரைத்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

ஆனால் ‘பிரதான வீதியால் பைபர் போகுது, பிரச்சினை இல்லை’ என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. வீதியால் போகிற பைபர் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடாது. ஒழுங்கையில் ஒரு கம்பத்தில் சின்னப் பெட்டி ஒன்று மாட்டியிருப்பார்கள். அதில் இருந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் மெல்லிய கறுப்பு வயர் பிரிந்து போகும். அந்தப் பெட்டியில் இத்தனை வீட்டுக்கு என்று கணக்கு இருக்கிறது. நிரம்பிவிட்டால் அடுத்த வீட்டுக்கு இடம் இல்லை. எங்களுக்கு அதுதான் நடந்தது. காசைக் கட்டி விண்ணப்பம் கொடுத்தபோது ‘ஒரு கிழமையில் வருவோம்’ என்றார்கள். வந்த பொடியன் ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘அக்கா, இதில் இடமில்லை, புதுசு போட வேணும்’ என்று இறங்கிப் போனான். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு கோலுக்கும் வேறு வேறு ஆள், வேறு வேறு பதில். காசை வாங்குமுன் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டியது அவர்களுடைய வேலை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கடைசியில் பைபர் வந்து சேரும் வரைக்கும் எங்களுக்கு 4ஜி ரவுட்டர்தான். பகலில் குறை சொல்ல முடியாது. இரவு ஏழரைக்குப் பிறகு ஊரே வீட்டுக்குள் வந்துவிடும், எல்லோரும் அதே ஒரு டவரில்தான் தொங்குவார்கள். மகளுக்கு எட்டு மணிக்கு ஜூமில் இரசாயனவியல் வகுப்பு. சேர் சமன்பாட்டின் இடது பக்கத்தை எழுதுவார், படம் அப்படியே உறைந்துவிடும். திரும்ப வரும்போது பலகையில் அடுத்த கணக்கு இருக்கும். அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். கொப்பியில் பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு, காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வருவாள். அந்த வெறும் பக்கங்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மரத்திலும் மலையிலும் ஏறியிருந்து படித்ததைச் செய்தியில் பார்த்து நீயும் நானும் போனில் அழுதோமே, ஞாபகமா? அதற்குப் பிறகும் இன்டர்நெட்டை ஆடம்பரம் என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பொறுக்கிறதில்லை. இவர் லீவில் வராத வருஷங்களில் என் பிள்ளை தகப்பனின் முகத்தைப் பார்த்தது இதற்குள்ளால்தான்.

ஆகவே தயவுசெய்து நான் சொல்கிறபடி செய். இரண்டு வீட்டையும் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. அந்த நேரத்தில் எந்தச் சிம்மும் பறக்கும். இரவு எட்டு மணிக்குப் போ. டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று ஆளுக்கொரு சிம் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போ. முற்றத்தில் நின்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. பிள்ளைகள் படிக்கப்போகிற அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு வேகத்தைச் சோதித்துப் பார். இறங்கும் வேகத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதே, ஏறும் வேகத்தையும் பார். நீ ஒன்லைனில் படிப்பிக்கிறவள். உன் முகமும் குரலும் பிள்ளைகளிடம் போய்ச் சேருவது ஏறும் வேகத்தில்தான்.

அப்புறம் பக்கத்து வீட்டு மாமியிடம் போ. அவவிடம் இல்லை, அவவின் பேரப் பிள்ளையிடம் கேள்: இரவில் எப்படி, மழைக்கு எப்படி, பழுதென்று சொன்னால் எப்போது வருகிறார்கள்? இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பதில் எந்த விளம்பரத்தையும்விடப் பெறுமதி. கம்பனியைத் தெரிவு செய்வது அதற்குப் பிறகுதான். வேகம் ஒன்றுபோல இருந்தால், பழுது பார்க்கச் சீக்கிரம் வருகிறவனை எடு.

பக்கேஜ் விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். 100 எம்பிபிஎஸ் வேகம், அதாவது விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட், நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம். மாதத்துக்கு எவ்வளவு டேட்டா என்பதைத்தான் கவனமாகக் கேள். ஒரு மணித்தியால ஜூம் வகுப்புக்கு ஏறத்தாழ 1 ஜிபி போகும், நல்ல தெளிவான படம் ஒன்று பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். சில பக்கேஜில் மொத்தக் கணக்கைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் பெரிய பங்கு நடுச்சாமத்துக்குப் பிறகு பாவிக்க வேண்டியதாக இருக்கும். பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு அது எதற்கு? ‘அன்லிமிடட்’ என்றால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள், குறைத்தால் எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்.

உன் அவர் செய்மதி வழியாக வருகிற ஸ்டார்லிங்க் இன்டர்நெட் எடுக்கலாம் என்று சொல்கிறாராம். 2025 நடுவில் இலங்கைக்கு வந்ததில் இருந்து எல்லோருக்கும் அந்த ஆசை இருக்கிறது. படுவான்கரைப் பக்கம் வயல் நடுவே வீடு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் தட்டுக்கு நாலா பக்கமும் திறந்த வானம் வேண்டும். நீ அனுப்பிய போட்டோவில் கூரைக்கு மேலே தென்னோலைதான் தெரிகிறது. ஓலை குறுக்கே ஆடுகிறபோதெல்லாம் படம் அறுபடும். கரண்டும் கூட இழுக்கும். பைபர் பெட்டிக்குப் பத்து வாற்ஸ் அளவு போதும், அந்தத் தட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, டவர்களில் பெட்டரி தீர்ந்து போனும் செத்துப் போனது. பைபரில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: கம்பத்தில் உள்ள பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பெட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். உன் வீட்டில் உள்ள சின்னப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் நீ கரண்ட் கொடுத்தால் போதும். அதற்கென்றே 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் கல்முனைக் கடைகளில் இருக்கிறது. முதல் மாதமே ஒன்று வாங்கு.

பொருத்த வருகிற அன்று நீ வீட்டில் இரு, அவரை நம்பி விட்டுவிடாதே. பொடியன்கள் முன் ஜன்னலோடு வேலையை முடிக்கத்தான் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் நான் ஒற்றைக் காலில் நின்று வயரை நடு ஹோல் வரை இழுக்கச் சொன்னேன். சீமெந்துக் கல் சுவர் இரண்டைத் தாண்டினால் வைபை களைத்துவிடும், அதுவும் வைபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை என்றால் சொல்லவே வேண்டாம். வந்தவன் நல்ல வேலைக்காரன். தலைமயிர் மாதிரி ஒரு இழையை உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெட்டி, பேனை போன்ற ஒன்றால் சிவப்பு வெளிச்சம் அடித்து, மறு முனையில் அந்தச் சிவப்பு தெரிகிறதா என்று என் மகளைப் பார்க்கச் சொன்னான். அவள் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! பிறகு வந்து சேர்கிற வெளிச்சத்தின் பலத்தை மீற்றரில் அளந்து காட்டினான். நீயும் அதைக் கேட்டு வாங்கிப் பார். −20 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் நல்லது. −27க்குக் கீழே போனால் மழைக்கும் காற்றுக்கும் விழும். அப்படியென்றால் திரும்பச் செய்யச் சொல், கையெழுத்துப் போடாதே. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் லைன் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பிரயோசனம் இல்லை, உடனே அறிவி.

மாத்தறை இணைப்பை மூடாமல் வந்துவிடாதே. 041 இலக்கத்தைக் காரைதீவுக்குக் கொண்டுவர ஏலாது, இங்கே கல்முனைப் பகுதிக்கு 067. மூடச் சொல்லிக் கடிதம் கொடு, ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தால் துண்டு வாங்கு. எங்கள் கல்லடி இணைப்பு மூடிய பிறகும் பில் வந்துகொண்டே இருந்தது. கடிதத்தின் பிரதி கையில் இருந்தபடியால் தப்பினோம். அப்படி ஏதும் நடந்தால் கம்பனியிடம் முறைப்பாட்டு இலக்கம் வாங்கி வைத்துக்கொள். சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், அதற்கு அந்த இலக்கம் வேண்டும். வீட்டுக்காரரிடம் சுவரில் துளை போட அனுமதியும் இப்போதே கேட்டுவிடு.

இந்தச் சனிக்கிழமை நான் கல்முனைக்கு வருகிறேன், சாமான் வாங்க இருக்கிறது. அப்படியே காரைதீவுக்குப் போய் இரண்டு ஒழுங்கையிலும் கம்பத்துப் பெட்டியைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். வீட்டு இலக்கங்களை மெசேஜில் போடு. அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
வதனி